பத்தடிக்கு மேல் பூத்த லைலாக்: மூன்று மார்ச் வெட்டும் இரண்டு புதுக் கன்றும்

மூன்றாவது மே மாதம் லைலாக் பூ மூக்குக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. பழைய செடியைத் தாழப் பூக்க வைக்கும் வேலை பலித்தது என்று சொல்ல அது போதும். என்ன செய்தோம், எவ்வளவு செலவானது, எது சரிவரவில்லை என்பதை வரிசையாக எழுதி வைக்கிறோம்.

இடம் கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ. பின்வளவின் மேற்கு வேலியோரம் பழைய லைலாக் ஒன்று; மே மாதம் வாசமான கொத்துப் பூப் பூக்கும் குளிர்நாட்டுச் செடி. சாதாரண இனம்தான், சிரிங்கா வல்காரிஸ். வெளிர் ஊதா, ஒற்றை அடுக்குப் பூ. உயரம் 4.5 மீற்றர். நிலத்திலிருந்து எழும்பிய தண்டுகள் 11. அவற்றில் மிகத் தடித்தது அடியில் 9 செ.மீ. விட்டம். கீழ் மூன்று மீற்றருக்கு வெறும் தடி; அதற்கு மேலேதான் இலையும் பூவும். பூத்தால் மேல்மாடி யன்னலில் நின்று பார்க்கலாம், கீழே நின்றால் வாசம்கூடச் சரியாக வராது. செடி நோயில் கிடக்கவில்லை, சாகவும் இல்லை. வருடக்கணக்காகப் பிழையான மாதத்தில் கத்தரிக்கப்பட்டு வந்த செடி, அவ்வளவுதான்.

லைலாக் பூக்கவில்லை என்றால் ரொறன்ரோவில் காரணம் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கும்: வெட்டிய காலம் பிழை, வெயில் போதாது, நைதரசன் கூடிப்போனது. குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. இது மைனஸ் 35 பாகையையும் தாங்கும் செடி. குளிர் கிடைக்காவிட்டால்தான் பூக்காது. யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ ஒரு கன்று கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: வேண்டாம். பல வாரக் குளிர் உறக்கம் இல்லாமல் மொட்டு ஒழுங்காக விரியாது. தென் கலிபோர்னியாவுக்கென்றே ‘லாவெண்டர் லேடி’ போன்ற இனங்களை உருவாக்கினார்கள். அவற்றுக்கும் கொஞ்சமாவது குளிர் வேண்டும்.

வெட்டும் காலத்தைப் பற்றி ஒன்றை மட்டும் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும். இந்த மே மாதம் விரியும் பூ, போன கோடையிலேயே உருவான மொட்டு. பூ உதிர்ந்த பிறகு வளரும் புதுத் தளிரின் நுனியில், ஜூலை நடுப்பகுதிக்குள் அடுத்த வருட மொட்டு அமர்ந்துவிடும். ஆகவே ஓகஸ்டிலோ செப்ரெம்பரிலோ வேலியோடு சேர்த்து மட்டமாகக் கத்தரிப்பவர் வெட்டி எறிவது இலையை அல்ல, அடுத்த மேயை. இந்தச் செடியின் பக்கங்கள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மின்கத்தரியால் மழிக்கப்பட்டு வந்தன. கத்தரி எட்டாத உச்சியில் மட்டும் மொட்டு தப்பியது. பூ பத்தடிக்கு மேல் ஏறிய கதை அதுதான்.

முதல் மார்ச்

மார்ச் இரண்டாம் கிழமை. நிலம் இன்னும் உறைந்திருக்கும், மொட்டு வீங்கத் தொடங்கியிருக்காது. களிமண் நிலத்தில் இந்த உறைவு உதவி: எவ்வளவு நடந்தாலும் மண் இறுகாது. இலை இல்லாததால் எந்தத் தண்டு எங்கே போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

வெட்டுவதற்கு முன் கொப்பு நுனிகளைப் பார்த்தோம். லைலாக்கின் கொப்பு ஒரு மொட்டில் முடியாது. நுனியில் இரண்டு மொட்டு அருகருகே நிற்கும். அவை உருண்டு பருத்திருந்தால் பூ மொட்டு. ஒல்லியாகக் கூராக இருந்தால் இலை மொட்டு. பருத்த சோடி அதிகம் உள்ள தண்டுகளில் ஒரு துண்டு நூல் கட்டிவிட்டால், எதை முதலில் எடுப்பது, எதை அடுத்த வருடத்துக்கு விடுவது என்ற குழப்பம் வராது.

கணக்கு எளிது: மொத்தத் தண்டில் மூன்றில் ஒரு பங்கு, மிகப் பழையவை முதலில், நிலத்தோடு. 11 தண்டில் முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 4, மூன்றாம் வருடம் 3. ஒரேயடியாக எல்லாவற்றையும் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடும் முறையும் உண்டு. சொந்த வேரில் நிற்கும் திடமான செடி என்றால் அது மீண்டும் தளிர்க்கும், ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்குப் பூ இல்லை. ஒட்டுக் கன்றாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே வெட்டுப்பட்டு, பிறகு எழும்புவது வேறு செடியாக இருக்கும். எதுவென்று நிச்சயமாகத் தெரியாத பழைய செடியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆயுதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் நாள் வேலை இழுபட்டது அதில்தான். லைலாக் மரம் பார்க்கும்போது சும்மா பூச்செடி. வாள் வைத்தால்தான் தெரியும், அத்தனை இறுக்கம். வெட்டுமுகத்தில் நடுவில் ஊதாக் கோடு ஓடும், பார்க்க அழகு, அறுக்கப் பாடு. மடக்கு வாள் 18 செ.மீ. அலகு, 9 செ.மீ. தண்டில் இழுத்துத் தள்ள இடமே மிஞ்சவில்லை. வில்வாள் நெருங்கி நிற்கும் தண்டுகளுக்கிடையில் நுழையாது, சட்டம் தட்டும். கடைசியில் கைகொடுத்தது முன்னும் பின்னும் ஆடும் மின்வாள். அதற்கு 23 செ.மீ. நீளமான, பச்சை மரத்துக்கான முரட்டுப் பல் அலகு. அலகு 15 டொலர். மரத்தச்சு அலகைப் போட்டால் ஈரத்தூள் பல்லை அடைத்து, அறுக்காமல் எரிக்கும். மடக்கு வாள் வாங்குவதாக இருந்தால் 24 செ.மீ.க்குக் குறையாமல், இழுக்கும்போது அறுக்கும் பல்லாக வாங்குங்கள். 40 டொலர் அளவில் நல்லது கிடைக்கும். 4 செ.மீ. வரையான தடிக்கு நீளக் கைப்பிடிக் கத்தரி, 45 டொலர். பெருவிரல் மொத்தத்துக்குக் கீழ்ப்பட்டதற்குக் கைக்கத்தரி போதும். ஒரு அலகு மற்ற அலகைக் கடந்துபோகும் வகையே வேண்டும். தட்டில் அமுக்கி நறுக்கும் வகை பட்டையை நசுக்கும்.

வாள் வைக்கும் முன் அடியில் குவிந்த இலையையும் மண்ணையும் கையால் வழித்து எடுக்க வேண்டும். மணல் ஒரு பிடி போதும், புதுப் பல்லை மழுங்கடிக்க. வெளிவட்டத்தில் நின்ற தண்டை முதலில் எடுத்தால் உள்ளே இடம் கிடைக்கும். ஒவ்வொரு தண்டும் மூன்று வெட்டு: இடுப்பளவு உயரத்தில், சாயும் பக்கத்திலிருந்து கால்வாசிக்கு ஒரு வெட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் மேலே இரண்டாவது, தலை விழுந்ததும் நிலத்திலிருந்து 5 செ.மீ.இல் மூன்றாவது. நேரே அடியில் ஒரே வெட்டாகப் போனால் மேல்பாரம் சாயும்போது பட்டை கீழ்வரை உரியும், பக்கத்தில் நிற்கும் நல்ல தண்டையும் சேர்த்து.

இரண்டு தண்டுகளில் 4 மி.மீ. அளவு வட்டத் துளைகள், வாயில் மரத்தூள். லைலாக் தண்டு துளைப்பான். குளவி போலத் தோன்றும் ஒரு அந்துப்பூச்சி கோடைத் தொடக்கத்தில் பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்துகொண்டு குளிர்காலம் முழுக்கத் தண்டுக்குள்ளேயே இருக்கும். பழைய, தடித்த தண்டுதான் இதற்குப் பிடித்த இடம், ஆகையால் பழையதை எடுப்பதே பாதி மருந்து. வெட்டிய தடியை வேலியோரம் விறகாக அடுக்கி வைக்கக் கூடாது. மே மாதத்துக்கு முன் வளவை விட்டு வெளியேற வேண்டும், இல்லையென்றால் பூச்சி அங்கிருந்தே பறக்கும். விட்டுவைத்த தண்டில் ஒரு துளை இருந்தது. அதற்குள் மெல்லிய வளையும் கம்பியை முட்டும்வரை விட்டுத் திருகினோம்.

ஒவ்வொரு தண்டுக்கும் இடையில் அலகை 70 சதவீத அல்ககோலால் துடைத்தோம். லைலாக்குக்கு ஒரு பக்ரீரியாக் கருகல் வரும். அந்தக் கிருமியின் பெயரே சூடோமோனாஸ் சிரிங்கே. லைலாக்கில் கண்டுபிடித்ததால் லைலாக்கின் பெயர். குளிர்ந்த, மழை கூடிய வசந்தத்தில் இளந்தளிர் தீயில் வாட்டியது போலக் கறுத்துத் தொங்கினால் அதுதான். கறுத்த இடத்துக்குக் கீழே 20 செ.மீ. தள்ளி, காய்ந்த நாளில் வெட்ட வேண்டும்.

தடிகளை நாலடி நீளத்துக்கு நறுக்கிக் கயிற்றால் கட்டி, நகரசபையின் தோட்டக் கழிவு எடுக்கும் நாளில் வைத்தால் கொண்டுபோவார்கள். சுள்ளிக்குப் பழுப்புக் கடதாசிப் பை.

முதல் கோடை: குட்டி பிரித்தல்

மே மாதம் மிச்சம் நின்ற ஏழு தண்டிலும் வழக்கம்போல உச்சியில் பூத்தது. வேலை அதற்குப் பிறகுதான். பூ பழுப்பாகத் தொடங்கி இரண்டு மூன்று கிழமைக்குள் வாடிய கொத்தை எடுக்க வேண்டும். கொத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு பச்சைத் தளிர் எழும்பியிருக்கும். அடுத்த வருடப் பூவைச் சுமக்கப்போவது அவைதான், அவற்றுக்கு மேலே ஒட்ட வெட்டுவது. விரலளவு கீழே இறங்கி வெட்டினால் இரண்டும் போயிற்று. ஏணி வைத்து உச்சிக் கொத்தையெல்லாம் பறிக்கத் தேவையில்லை. விதை பிடித்தாலும் அடுத்த வருடப் பூவில் பெரிய குறைவு வராது. எட்டுவதை எடுத்தால் போதும்.

வெட்டிய அடிகளிலிருந்தும் வேரிலிருந்தும் ஜூன் கடைசிக்குள் முப்பதுக்கு மேற்பட்ட குட்டிகள் எழும்பின. வாழைக்குட்டி பிரிப்பவருக்கு இந்த இடம் சொல்லித்தர வேண்டியதில்லை: எல்லாவற்றையும் விட்டால் ஒன்றும் உருப்படாது. தடித்தவையாக, ஒன்றுக்கொன்று 12 முதல் 15 செ.மீ. தள்ளி, உள்நோக்கிச் சாயாதவையாக எட்டை விட்டோம். மற்றவற்றைக் கத்தரிக்காமல் கையால் பிடித்து, கீழ்நோக்கிப் பிய்த்து எடுப்பது நல்லது. கத்தரித்தால் அதே அடியிலிருந்து மூன்று வரும்.

விட்ட எட்டும் 80 செ.மீ. வந்ததும் நுனியை ஒரு சோடி இலைக்கு மேலே கிள்ளினோம். இது ஜூன் கடைசிக்குள் முடிய வேண்டும். கிள்ளாவிட்டால் கிளைக்காமல் ஒரே ஓட்டமாகப் போய், திரும்பவும் உச்சியில் மட்டும் பூக்கும். இரண்டாம் வருடம் பிரித்தல் ஓகஸ்ட் வரை தள்ளிப்போனது. அந்த வருடக் குட்டிகள் எல்லாம் பென்சில் மொத்தத்தில் நின்றுவிட்டன, முதல் வருடத்தவை பெருவிரல் மொத்தம். ஒரு மாதப் பிந்தல் என்ன செய்யும் என்பதற்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பசளை. இங்கேதான் தமிழ் வீட்டு வளவுகளில் அதிகம் கெடுகிறது. லைலாக்குக்குப் பக்கத்தில் கத்தரிக்காய், மிளகாய்ப் பாத்தி. பாத்திக்குக் கோழி எரு உருண்டை. இந்தப் பக்கம் புல்தரைக்கு 32-0-4 என்று பையில் போட்ட உரம். முதல் எண் நைதரசன். லைலாக்கின் வேர் இலைக்குடையின் விளிம்பைத் தாண்டியும் ஓடும். இரண்டு பக்கத்திலிருந்தும் குடித்துவிட்டுக் கரும்பச்சையாகக் குலுங்கும், பூ மட்டும் இராது. செடியைச் சுற்றி 2 மீற்றருக்குப் புல் உரம் போடுவதை நிறுத்தினோம், பாத்தியை வேலியின் மறு மூலைக்கு மாற்றினோம். லைலாக்குக்கு இட்டது வசந்தத்தில் 2.5 செ.மீ. கூட்டெரு மட்டும். எலும்புத்தூள் போடச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். இந்தக் களிமண்ணுக்குப் பெரும்பாலும் அவசியமில்லை. தவிர, அந்த வாசத்துக்கு ரக்கூன் இரவில் வந்து கிண்டிவிட்டுப் போகும்.

சுண்ணாம்பு, சாம்பல், முட்டைக்கோது பற்றியும் இதே பேச்சு. லைலாக்குக்குக் காரமண் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ரொறன்ரோ மண் பெரும்பாலும் ஏற்கெனவே காரம்தான். சோதனைப் பெட்டியில் எங்கள் மண்ணின் கார அளவு (pH) 7.4 காட்டியது. 6.5க்கும் 7.5க்கும் இடையில் இருந்தால் ஒன்றும் போடத் தேவையில்லை. அடுப்புச் சாம்பலை வாளி வாளியாகக் கொட்டுபவர்கள் முதலில் பத்துப் பதினைந்து டொலருக்கு ஒரு சோதனைப் பெட்டி வாங்கிப் பார்க்கலாம்.

புதுக் கன்றுகள்: இனம் தெரிவு

பழைய செடி தேறும்வரை வாசத்துக்கு இரண்டு புதுக் கன்று வைப்பதென்று தீர்மானம். லைலாக் என்று எழுதியிருப்பதெல்லாம் அந்த வாசம் தராது. கடையில் பூவைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவது இங்கேதான். ஒட்டாவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் இசபெல்லா பிரெஸ்டன் 1920களில் உருவாக்கிய பிரெஸ்டன் லைலாக்குகள் இரும்பு போன்றவை, ஜூனில் பூக்கும், ஆனால் மணம் வேறு; சிலருக்குப் பிடிக்காது. றோட்டோரங்களில் நகரசபை வைக்கும் ‘ஐவரி சில்க்’ மரலைலாக் கிறீம் நிறத்தில் கொத்தாகப் பூக்கும், அதன் வாசம் பிரிவெட் என்ற வேலிச்செடிப் பூவின் வாசம். பழைய மணம் வேண்டுமென்றால் வல்காரிஸ் இனங்களுக்குள் நிற்க வேண்டும்.

நாங்கள் எடுத்த ஒன்று ‘மடாம் லெமுவான்’: வெள்ளை, இரட்டை அடுக்கு, பிரான்சின் நான்ஸி நகர லெமுவான் நாற்றுமேடை 1890இல் வெளியிட்டது, நூற்றுமுப்பது வருடம் கழித்தும் வாசத்தில் பின்தள்ளப்படவில்லை. உயரம் 3 மீற்றரைத் தாண்டும். மற்றது ‘மிஸ் கிம்’. இது வல்காரிஸ் அல்ல. எல்வின் மீடர் 1947இல் கொரியாவில் எடுத்த விதையிலிருந்து வந்தது, 1954இல் நியூ ஹாம்ப்ஷயரில் வெளியானது. 2 மீற்றரளவில் நிற்கும், இலையில் வெள்ளை படியும் வெண்பூஞ்சண நோய் அரிது, வாசம் கொஞ்சம் காரமான இனிப்பு, இலையுதிர் காலத்தில் இலை செம்மையாகும். பூப்பது மற்றதற்கு ஒன்றிரண்டு கிழமை பிந்தி. இரண்டையும் வைத்தால் வாசம் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை இழுபடும். சிறிய வளவுக்கு ஒன்றே ஒன்று என்றால் மிஸ் கிம்தான். தெரிவு செய்ய முடியாமல் நிற்பவர்கள் மே கடைசியில் ஹமில்டன் ரோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸில் உள்ள லைலாக் தொகுப்புக்குப் போய், மூக்கால் தெரிவு செய்துவிட்டு வரலாம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: சொந்த வேரா, ஒட்டா? பிரிவெட்டில் ஒட்டியதென்றால் சில வருடத்தில் ஒட்டுப் பிரிந்து செடி தளரலாம். வல்காரிஸ் வேரில் ஒட்டியது என்றால் கீழிருந்து வரும் ஒவ்வொரு குட்டியும் நீங்கள் வாங்காத இனம். இலை ஒரே மாதிரி இருப்பதால் பூக்கும்வரை தெரியவும் மாட்டாது. அடித்தண்டில் 10 செ.மீ.க்குள் ஒரு வீக்கமும் கோணலும் தெரிந்தால் அது ஒட்டு. சொந்த வேர்க் கன்று சிறிதாக இருந்தாலும் அதையே எடுங்கள். மிஸ் கிம் 2 கலன் சட்டி 40 டொலர், லெமுவான் 3 கலன் 55.

கிடங்கு

ஒன்ராறியோ மாகாணத்தில் சவள் பிடிக்கும் முன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ (Ontario One Call) என்ற சேவைக்கு அறிவிப்பது சட்டம். செலவில்லை. காஸ், மின்சாரம், தொலைபேசி வயர் போகும் பாதையில் வந்து நிறக்கோடு போட்டுவிட்டுப் போவார்கள். குறைந்தது 5 வேலைநாள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வசந்தத்தில் அதைவிடப் பிந்தலாம். செப்ரெம்பர் கடைசியில் நட வேண்டுமென்றால் முதல் கிழமையே சொல்லிவிடுவது புத்தி.

நட்டது செப்ரெம்பர் கடைசி. மண்ணில் சூடு இருக்கும், மேலே வெயில் தணிந்திருக்கும், உறைய முன் ஆறு கிழமை வேருக்குக் கிடைக்கும். ஏப்ரல் கடைசியும் நல்லது, ஆனால் கோடை முழுக்கத் தண்ணீர் கேட்கும்.

வெயில் கணக்கை ஜூனிலேயே எடுத்து வைத்தோம்: காலை 9, நண்பகல், 3, 6 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று தடி நட்டு. ஆறு மணித்தியாலத்துக்குக் குறைந்த இடத்தில் லைலாக் உயிர் வாழும், பூக்காது. செப்ரெம்பரில் பார்த்து இடம் முடிவு செய்தால் சூரியன் சாய்ந்துவிட்டிருக்கும், கணக்குப் பிழைக்கும்.

அடுத்தது வடிகால். 30 செ.மீ. ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, ஒரு இரவு விட்டு, மறுநாள் திரும்ப நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. கராஜ் பக்கம் மணிக்கு 4 செ.மீ.; நல்லது. பின்மூலை மணிக்கு 1 செ.மீ.தான். அந்த மூலையில் முந்தி யாரோ வைத்துப் பட்டுப்போன லைலாக் ஒன்றின் அடி கிடந்தது. அலவாங்கு போட்டுக் கிளப்பியபோது காரணம் முழுதாக வெளியே வந்தது: வேர் இன்னமும் சட்டியின் வடிவத்தில் சுற்றிச் சுற்றி நிற்கிறது, சுற்றிலும் சட்டிமண்ணான பீற் கலவை, சளசளவென்று புளித்த மணத்தோடு, அதற்கு வெளியே உளி பட்ட மாதிரி வழுவழுத்த களிமண் சுவர். களிமண்ணில் கிடங்கு வெட்டி உள்ளே பஞ்சு போன்ற மண்ணை நிரப்பினால் சுற்றியுள்ள நீரெல்லாம் அந்தக் கிடங்குக்குள் இறங்கி நிற்கும். லைலாக் வரட்சியைத் தாங்கும், கால் நனைந்து நிற்பதைத் தாங்காது.

ஆகவே லெமுவான் கராஜ் பக்கம், சுவரிலிருந்து 2 மீற்றர் தள்ளி. மிஸ் கிம்மைப் பின்மூலைக்குக் கொண்டுபோகவில்லை. சமையலறை யன்னலுக்கு 2.5 மீற்றர் முன்னால், அதுவும் 20 செ.மீ. மண்மேடு போட்டு அதன் மேல். காற்று இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். யன்னலுக்கு மேற்குப் பக்கம் செடி நின்றால் வாசம் வீட்டுக்குள் வரும்.

கிடங்கு அகலம் 70 செ.மீ., ஆழம் சட்டியின் ஆழத்துக்கு 2 செ.மீ. குறைவு. சவளின் அலகு வழுக்கிய சுவரை முள்ளுக் கரண்டியால் கீறிவிட வேண்டும். சட்டியிலிருந்து எடுத்த வேர்ப்பந்தைச் சுற்றி நான்கு இடத்தில் மேலிருந்து கீழாக 2 செ.மீ. ஆழத்துக்குக் கத்தியால் கீறி, அடியில் சுருண்டு கிடந்ததை விரித்தோம். பாவம் பார்க்கக் கூடாத இடம் இது. தண்டு வேராக விரியும் கழுத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்: சட்டியில் அது 3, 4 செ.மீ. ஆழத்தில் புதைந்து கிடப்பது சாதாரணம். மேல்மண்ணை வழித்து, கழுத்து நிலமட்டத்துக்கு ஒரு விரல் உயரத் தெரியும்படி வைத்தோம். நிரப்பியது கிடங்கிலிருந்து வந்த அதே மண். பாதி நிரம்பியதும் 10 லீற்றர், முழுக்க நிரம்பியதும் 10 லீற்றர். கூட்டெரு 2.5 செ.மீ. மேலே மட்டும். அதன் மேல் மரச்சில்லு மூடுபடை 6 செ.மீ., 1.2 மீற்றர் வட்டத்துக்கு, தண்டிலிருந்து 10 செ.மீ. விலக்கி. மூடுபடையைத் தண்டோடு மலை மாதிரிக் குவிப்பது இந்த ஊர்ப் பழக்கம். பட்டை அழுகும், எலி குடியிருக்கும்.

நிலம் உறையும்வரை கிழமைக்கு ஒருக்கால் 10 லீற்றர். அடுத்த கோடை மழையில்லாத கிழமைகளில் 15. மூன்றாம் கோடையில் பைப்பைத் தூக்கவே இல்லை.

முதல் குளிர்காலம் கற்பித்தது முயல். 6 மி.மீ. கண் கம்பிவலையை 45 செ.மீ. உயரத்துக்குச் சுற்றியிருந்தோம். பனி 30 செ.மீ. விழுந்து இறுகியதும் முயலுக்கு அது நல்ல மேடை. ஏறி நின்று வலைக்கு மேலே லெமுவானின் இரண்டு கொப்பைச் சாய்வாக, கத்தியால் நறுக்கிய மாதிரிக் கடித்துவிட்டது. இப்போது வலை 75 செ.மீ. கீழே 5 செ.மீ. மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், எலி அடியால் வரும். நவம்பர் கடைசிக்குள் சுற்றி, ஏப்ரலில் கழற்றுவது. பனி தள்ளும்போது டிரைவ்வேயிலிருந்து வாரும் பனியைச் செடியின் மேல் எறியவும் கூடாது. பனி உருக்கப் போடும் உப்பைவிட அந்தப் பாரம்தான் கொப்பைப் பிளக்கும்.

கோடைகளில் வந்த நோவுகள்

ஓகஸ்டில் பழைய செடியின் இலையில் கோதுமை மா தூவிய மாதிரி வெள்ளை. வெண்பூஞ்சணம். பார்க்க அசிங்கம், பூவுக்குப் பெரிய சேதமில்லை. மருந்து தேடி அலைய வேண்டாம். ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்துக்கான இரசாயனங்களில் பல 2009 முதல் தடை. தண்டு குறைந்து காற்றோட்டம் வந்த பிறகு வெள்ளை பாதியாகக் குறைந்தது. தண்ணீரை இலையில் அடிக்காமல் அடியில் விட வேண்டும்.

அதைவிட மோசம் மழை கூடிய கோடையில் வரும் பழுப்புப் புள்ளி. கீழ் இலையில் தொடங்கி, ஓகஸ்ட் கடைசிக்குள் செடியைப் பாதி மொட்டையாக்கும். மொட்டையான செடி சில வேளை செப்ரெம்பரில் நாலைந்து கொத்துப் பூக்கும். பார்த்து மகிழ ஒன்றுமில்லை, அது அடுத்த மேக்கான மொட்டு. அந்த நேரத்தில் கத்தரியையும் பசளையையும் தொடாமல், உதிர்ந்த இலையை மட்டும் ஒன்றுவிடாமல் கூட்டிப் பைக்குள் கட்டி வெளியே வைக்க வேண்டும். வீட்டுக் கூட்டெருக் குவியலுக்குள் போடக் கூடாது.

இன்னொன்று பட்டையில் சிப்பி வடிவச் செதில்பூச்சி, 3 மி.மீ. நீளம், பட்டையோடு பட்டையாகத் தெரியும். நகத்தால் சுரண்டினால் உதிரும். கொஞ்சமாக இருந்த இடத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். நிறைய இருந்த தண்டை மார்ச் வெட்டில் சேர்த்துவிட்டோம்.

இனப்பெருக்கம்

வேண்டாத குட்டிகளில் வேலிக்கு அப்பால் 60 செ.மீ. தள்ளி எழும்பிய இரண்டைக் கன்றாக்கினோம். பென்சில் மொத்தம், முழங்கால் உயரம் இருந்தால் நல்லது. ஏப்ரலில் தாய்ச்செடிப் பக்கமாகச் சவளை நேரே இறக்கி இணைக்கும் வேரைத் துண்டித்துவிட்டு, கிளப்பாமல் அங்கேயே விட வேண்டும். கோடை முழுக்கத் தன் வேரில் நிற்கப் பழகும். ஒக்ரோபரில் 20 செ.மீ. மண்ணோடு கிளப்பி, தலையைப் பாதியாக வெட்டி நடுவது. உடனே பிடுங்கி நட்டால் பிழைப்பது அருமை. பூக்க மூன்று முதல் ஐந்து வருடம். தடி வெட்டி வைப்பதைவிட இது எவ்வளவோ இலகு. லைலாக் தடி வேர்விடுவதற்குப் பூக்கும் நாட்களில் எடுத்த இளந்தண்டு, வேர்விடச் செய்யும் தூள், ஈரமூடி எல்லாம் வேண்டும், அப்படியும் பல அழுகும். தாழ்ந்த கொப்பு இருந்தால் பதி வைக்கலாம்: அடிப்பட்டையைச் சுரண்டி, வளைத்து மண்ணுக்குள் 8 செ.மீ. புதைத்து, கல் வைத்து ஒரு வருடம் மறந்துவிடுவது.

செலவு

கன்று இரண்டும் 95. 56 லீற்றர் மரச்சில்லுப் பை 8, தலா 6 வீதம் 48. பழைய செடியின் வட்டமே 2.4 மீற்றர், அதற்கே ஐந்து பை போனது. 30 லீற்றர் கூட்டெரு 6 பை 36. கம்பிவலை 25. மடக்கு வாள் 40, நீளக் கத்தரி 45, மின்வாள் அலகு 15. மொத்தம் 304, 13 சதவீத வரியோடு 344 டொலர் அளவில். மின்வாள் இரவல். மரச்சில்லை மரம் வெட்டும் ஆட்களிடம் கேட்டால் சும்மாவே கொட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த முறை அந்த 48 மிச்சம்.

மூன்றாம் மேயில் நிலவரம்: முதல் வருடம் விட்ட எட்டுக் குட்டியில் ஐந்து, 1.5 மீற்றர் உயரத்தில் பூத்தன. இரண்டாம் வருடத்தவை ஒன்றும் இல்லை. மிஸ் கிம் ஆறு கொத்து. லெமுவான் பூக்கவில்லை, கொப்பு நுனியில் பருத்த சோடியும் இல்லை. அந்த இனத்துக்கு மூன்று நாலு வருடம் ஆவது வழமை, முயல் தின்றதையும் கழித்தால் இன்னொரு வருடம் கூடும்.

வீட்டுக்குள் வைக்கப் பறிப்பதென்றால் காலையில், கொத்தில் பாதிக்கு மேல் விரிந்த பிறகு. மொட்டாகப் பறித்தால் தண்ணீரில் விரியாது. இலை முழுவதையும் உருவி, தடியின் அடியை 3 செ.மீ. பிளந்து, இளஞ்சூட்டு நீரில் வைத்தால் நாலு நாள் நிற்கும். சாமிப்படத்துக்குச் சிறு செம்பில் தண்ணீர் விட்டு வைக்கலாம். மாலை கட்டவோ தலையில் வைக்கவோ சரிவராது. நீரில்லாமல் சீக்கிரமே துவண்டுவிடும். பறிப்பதும் கத்தரித்தல்தான், ஆகவே புதுத் தளிர்ச் சோடிக்கு மேலேயே வெட்டுங்கள்.

வரும் மார்ச்சிலிருந்து பழைய செடிக்கு வருடம் ஒரு தண்டு, 5 செ.மீ.க்கு மேல் தடித்தது எதுவோ அது. அதற்கு மாற்றாக ஜூலைக்கு முன் ஒரே ஒரு குட்டி.